‘சைட் எப்படி இருக்கு?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

கேள்வி: நானும் என் நண்பரும் சேர்ந்து மொரீஷியஸ் ஃப்ரீலான்சர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறோம். டிசைனர், மொழிபெயர்ப்பாளர், கணக்கு எழுதுபவர், கல்யாண ஃபோட்டோகிராஃபர் என்று யாரை வேண்டுமானாலும் அதில் தேடிப் பிடித்து வேலை கொடுக்கலாம். ஃபேஸ்புக் குழுக்களிலும் கோவில் வாட்ஸ்ஆப் குழுவிலும் லிங்க் போட்டோம். லைக், கைதட்டல், ‘சூப்பர்’ எல்லாம் வந்தன. ஏறக்குறைய 400 பேர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பதிவு செய்தது 11 பேர். அதில் 9 பேர் வேலை தேடுகிறவர்கள். இதுவரை ஒரு வேலைகூடக் கைமாறவில்லை. முதல் தடவை வருகிறவர்கள் என்ன நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 14 கேள்விகளோடு ஒரு ஃபார்ம் தயாரித்து, தளத்தின் சில ஸ்க்ரீன்ஷாட்களோடு இணைத்திருக்கிறேன். உள்ளே வந்ததும் அந்த ஃபார்மைப் பாப்-அப்பாகக் காட்டலாமா? வெளிநாட்டு ஃப்ரீலான்சர் குழுக்களில் ‘என் சைட்டைப் பாருங்கள், உங்கள் சைட்டை நான் பார்க்கிறேன்’ என்று கேட்கலாமா? தமிழிலும் ஒரு பக்கம் வேண்டும் என்று அப்பா சொல்கிறார், வைக்கலாமா? நீங்களும் ஒரு தடவை பார்த்துக் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.
- வாசகர், ரோஸ் ஹில்

பதில்:

தம்பி, அந்த ஃபார்மைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 14 கேள்வியையும் படித்தேன். ‘வடிவமைப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’, ‘பயன்படுத்த எளிதாக இருக்கிறதா?’, ‘நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்று எல்லாமே அபிப்பிராயம் கேட்கிற கேள்விகள். நம் ஊரில் அபிப்பிராயம் கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். ரோஸ் ஹில்லில் நீங்கள் யார் பிள்ளை என்று தெரியாதவர்கள் எத்தனை பேர்? உங்கள் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் சைட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல் மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பார்க்கும்போது ‘கொரெக், ரொம்ப நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிலை வைத்து ஒரு பட்டனைக்கூட நீங்கள் இடம் மாற்ற முடியாது.

உங்களிடம் வந்த 400 பேரும் உண்மையில் பதில் சொல்லிவிட்டார்கள். வந்தார்கள், போனார்கள். வேலை கொடுக்கும் பக்கம் இரண்டு பேர் நின்றார்கள். நடந்தது இது. ஏன் நடந்தது என்பதைத்தான் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

வழியைச் சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஒரு மனிதர் உங்கள் தளத்துக்கு முதல் தடவை வருவது ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் முறை வரும்போது மெனு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் என்ன செய்ய முயல்கிறீர்கள் என்பதும் தெரிந்திருக்கும். இந்தியாவிலோ பிரான்ஸிலோ தளம் தொடங்குகிறவருக்கு இதில் கவலை இல்லை, புதுக் கண்கள் வந்துகொண்டே இருக்கும். இந்தத் தீவில் மொத்தமே சுமார் 12.5 லட்சம் பேர். அதில் இணையத்தில் ஆள் தேடி, காசு கொடுத்து, வேலை வாங்கும் பழக்கம் உள்ளவர்களைக் கணக்கெடுத்தால் சின்னக் கூட்டம்தான் மிஞ்சும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள். ஆகவே லிங்க் போடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். ‘புது வெர்ஷன் வந்துவிட்டது, மறுபடியும் பாருங்கள்’ என்று அதே குழுக்களில் போட வேண்டாம். மிச்சம் இருப்பவர்களை மூன்று மூன்று பேராக, சிக்கனமாகப் பயன்படுத்துவோம்.

நீங்கள் கேட்டதற்காக நானும் பார்த்தேன். தொழில் முறையில் அலசிப் பார்க்கவில்லை. ஃபோனில் முகப்பைத் திறந்தேன், மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன், மூடிவிட்டேன், நினைவில் நின்றதை எழுதினேன். நீல நிறம். மடிக்கணினி முன்னால் சிரித்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘டாலன்ட்’ என்று ஒரு சொல், ‘கனெக்ட்’ என்று ஒரு சொல். இது என்ன தளம் என்று கேட்டிருந்தால், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி என்று சொல்லியிருப்பேன். மொரீஷியஸ் என்ற பெயர் என் கண்ணில் படவில்லை. கீழே எங்காவது இருக்கலாம், ஆனால் ஐந்து வினாடியில் படவில்லை. நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்களைத் தவிர இதற்கு மேல் நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. எபேன் தொழில்நுட்ப நகரில் இதே வேலையாக உட்கார்ந்திருக்கும் என் கண், கடைக்காரர் ஒருவரின் கண் போல வேலை செய்யாது.

இதை எங்கள் தொழிலில் ஐந்து வினாடிச் சோதனை என்பார்கள். முகப்பின் படத்தை ஃபோனில் காட்டி, எடுத்துவிட்டு, மூன்று கேள்வி கேட்பது. இது என்ன தளம்? யாருக்காக? இங்கே நீங்கள் என்ன செய்யலாம்? பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கனடாவில் கிட்டெ லின்ட்கார்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரு பக்கம் அழகாக இருக்கிறதா இல்லையா என்ற முடிவு 50 மில்லி வினாடிக்குள் மனதில் விழுந்துவிடுகிறது என்று காட்டியது. அதைப் படித்துவிட்டுப் பலர் நிறத்தையும் படத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஆய்வு பேசியது அழகைப் பற்றி. புரிகிறதா என்பது வேறு விஷயம், அது அவ்வளவு சீக்கிரம் நடக்காது. உங்கள் முகப்பு அழகாகத்தான் இருக்கிறது. புரியவில்லை.

அடுத்து, யாரைக் கேட்பது. உங்கள் தளத்துக்கு இரண்டு வாசல்: வேலை கொடுக்கிறவர், வேலை தேடுகிறவர். இந்த இருவரும் வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு பயங்களோடு வருகிறார்கள். நீங்கள் இதுவரை கேட்டதெல்லாம் இரண்டாமவர்களை, ஏனென்றால் உங்கள் நண்பர்கள் அவர்கள்தான். டிசைனரிடம் கேட்டால் எழுத்துரு பற்றிச் சொல்வார், புரோகிராமரிடம் கேட்டால் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு வேலைகூடக் கைமாறாததற்குக் காரணம் அவர்கள் பக்கம் இல்லை. ஆகவே முதல் சுற்றில் வேலை கொடுக்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடைக்கு மெனு அட்டை அடிக்க வேண்டியவர், மகள் கல்யாணத்துக்கு ஃபோட்டோகிராஃபர் தேடும் ஓர் அம்மா, பக்கத்துத் தீவு ரீயூனியனிலிருந்து வந்த பிரெஞ்சுக் கடிதத்துக்கு ஒழுங்கான ஆங்கிலம் வேண்டிய சின்னக் கம்பெனிக்காரர். உண்மையிலேயே இந்தத் தேவை இந்த மாதம் இருக்கிறவர்களாக இருந்தால் நல்லது. தேவை இல்லாதவரை உட்காரவைத்து ‘இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் அவர் நடிப்பார்.

அவர்களுக்கு உங்களைத் தெரியக் கூடாது. தீவில் இது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்பதற்குப் பதிலாக அவர்களுடைய அலுவலகத்தில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். இரண்டு கை தாண்டினால் போதும். உங்கள் நண்பருடைய வட்டம் வேறு என்றால் அவர் வட்டத்தை நீங்களும் உங்கள் வட்டத்தை அவரும் பார்த்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், ஃபோன் ரீசார்ஜாக இருந்தாலும் சரி. ஓசியில் வருகிறவர் உபகாரம் செய்ய வந்தவர், உபகாரி குறை சொல்ல மாட்டார். மெட்ரோ ஸ்டேஷனில் ஆட்களை நிறுத்திக் கேட்கலாமா என்று நினைக்காதீர்கள். ட்ராம் வரும் திசையில் ஒரு கண் வைத்திருப்பவரிடம் எதுவும் உருப்படியாகக் கிடைக்காது.

உட்கார்ந்ததும் தளத்தைப் பற்றி ஒன்றும் விளக்காதீர்கள். விளக்கிவிட்டால் முதல் பார்வை போய்விட்டது. அவருடைய ஃபோன், அவருடைய டேட்டா. உங்கள் புது ஐஃபோனைக் கையில் கொடுத்தால் அவர் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வதிலேயே கவனமாக இருப்பார். ஒரு சூழ்நிலையை மட்டும் சொல்லுங்கள். ‘மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். ஃபோட்டோ எடுக்க ஆள் வேண்டும். இந்த சைட்டில் ஒருவரைப் பிடித்து, அவருக்கு முன்பணம் கொடுக்கும் வரை போய்ப் பாருங்கள்.’ தளத்தில் எழுதியிருக்கும் எந்தச் சொல்லும் உங்கள் வாயில் வரக் கூடாது. ‘ப்ரொஃபைலைத் தேர்வு செய்து புராஜெக்ட் போஸ்ட் பண்ணுங்கள்’ என்று சொல்லிவிட்டால் வழி சொல்லிவிட்டீர்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில். இந்த முறையை 1982-இல் ஐபிஎம்மில் கிளேட்டன் லூயிஸ் எழுதிவைத்தார். அன்றைக்கு இணையதளமே கிடையாது, இன்றைக்கும் இதைவிட மலிவான முறை இல்லை.

பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். எல்லாவற்றிலும் கடினம் இதுதான். அவர் ‘இங்கே அமுக்கட்டுமா?’ என்று கேட்பார். ‘நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். இரவெல்லாம் கண் விழித்து நீங்கள் போட்ட பட்டனை அவர் மூன்று தடவை தாண்டிப் போவார். உங்கள் விரல் தானாக நீளும். விரலை அடக்க முடியாது என்று தெரிந்தால் நீங்கள் அங்கே உட்காரவே வேண்டாம். தளத்தைக் கட்டாத ஒருவரை உட்காரவைத்து நீங்கள் அடுத்த மேசையில் முதுகு காட்டி இருங்கள். கட்டியவர் எதிரில் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பாராட்டுவார்கள். அதனால் ‘இதைப் பார்த்துத் தரச் சொன்னார்கள்’ என்று மட்டும் சொன்னால் போதும், அது பொய்யும் ஆகாது.

எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பீர்கள். இணையதளங்களை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து ‘ஐந்து பேர் போதும்’ என்ற கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. அவரும் டாம் லாண்டவரும் 1993-இல் செய்த கணக்குப்படி ஒருவர் சராசரியாக 31% குறைகளைக் காட்டிக்கொடுப்பார், ஐந்து பேர் சேர்ந்தால் 85% வந்துவிடும். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். 2003-இல் லாரா ஃபாக்னர் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தபோது சில ஐவர் குழுக்கள் 99% கண்டுபிடித்தன, சில 55%-ஐத் தாண்டவில்லை. அதனால் ஐந்தை மந்திர எண்ணாக எடுக்காதீர்கள். உங்களுக்கு நான் சொல்வது மூன்று பேர். முதல் மூவர் தடுக்கி விழும் கல் ஒன்றாகத்தான் இருக்கும். அதை எடுத்த பிறகு அடுத்த மூவரைக் கூப்பிடுங்கள். கல்லை எடுக்காமல் பத்துப் பேரைக் கூப்பிட்டால் பத்துப் பேரும் அதே இடத்தில்தான் விழுவார்கள், உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரிய வராது.

என்ன கிடைக்கும் என்று ஊகிக்கச் சொன்னால் மொழியைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் ஆங்கிலத்தில் எழுதினோம், பேப்பர் பிரெஞ்சில் படிக்கிறோம், வீட்டில் கிரெயோல் பேசுகிறோம். ‘எந்த மொழியில் தளம் வேண்டும்?’ என்று ஃபார்மில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வரும் பதிலை நம்ப முடியாது. எது படித்தவர் மொழியாகத் தோன்றுகிறதோ அதில்தான் எல்லோரும் டிக் போடுவார்கள். கேட்காமல் தேடல் பெட்டியில் கை என்ன தட்டுகிறது என்று பாருங்கள். கல்யாண ஃபோட்டோகிராஃபர் தேடுகிற அம்மா ‘ஃபோட்டோகிராஃப் மரியாழ்’ என்று பிரெஞ்சில்தான் தட்டுவார் என்பது என் ஊகம். உங்கள் வகைப்பட்டியலில் அது ‘ஈவென்ட் ஃபோட்டோகிராஃபி’ என்ற பெயரில் இருந்தால், இருக்கிற ஃபோட்டோகிராஃபரும் அவருக்கு இல்லாதவர் ஆகிவிடுவார். பிரெஞ்சு எழுத்துகளின் மேல் வரும் குறிகளை ஃபோனில் யாரும் போட மாட்டார்கள். ‘தெக்கோராசியோன்’ (décoration) என்பதை மேலே குறி இல்லாத வெறும் e எழுத்தோடு அடித்தாலும் தேடல் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் நண்பருக்கு ஒரு மாலை வேலைதான், இன்றைக்கே செய்துவிடச் சொல்லுங்கள். எந்தச் சோதனையும் வேண்டாம் இதற்கு.

‘போஸ்ட் எ ஜாப்’ என்ற பெரிய பட்டன் அடுத்தது. வேலை தேடி வருகிறவர் அதைப் பார்த்து ‘எனக்கு ஜாப் வேண்டும்’ என்று அமுக்குவார். வேலை கொடுக்க வந்தவருக்கோ, மெனு அட்டை அடிப்பது ‘ஜாப்’ என்றே தோன்றாது. ஜாப் என்றால் சம்பளம், லீவு, போனஸ். ஏதாவது செய்து வாங்க வேண்டும் என்றால் நம் ஆட்கள் ‘தெவி’ கேட்போம் என்பார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரும் அந்தத் தாளை. பட்டனில் அந்தச் சொல்லைப் போட்டு அடுத்த மூவரிடம் காட்டிப் பாருங்கள். உங்கள் 9 பேரில் எத்தனை பேர் தவறான கதவு வழியாக உள்ளே வந்தவர்கள் என்று அவர்களையே ஃபோனில் கேட்டுவிடலாம், 9 பேர்தானே.

பிறகு காசு. ‘கோமியே?’, அதாவது எவ்வளவு என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே வரும். விலையைப் பார்க்கப் பதிவு செய்யச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் தெரிகிறது. அந்தப் பூட்டை இன்றே எடுங்கள். பதிவு எண்ணிக்கை ஏறும் என்று போட்டிருப்பீர்கள், ஏறவில்லையே. ‘யார் கையில் காசு இருக்கும்?’ என்பது அடுத்த கேள்வி. ஃபைவர் என்ற உலக ஃப்ரீலான்சர் தளத்தில் வேலை செய்கிறவர் வருமானத்தில் 20% அந்தத் தளத்துக்குப் போகிறது. அவ்வளவு கொடுத்தும் அங்கே இருக்கிறார்கள் என்றால், வேலை முடியும்வரை பணத்தை நடுவில் ஒருவர் பிடித்துவைத்திருப்பதும் ஒரு காரணம். உங்கள் தளம் அப்படி வைத்திருக்கிறதா, இல்லையா? நான் பார்த்தவரை எங்கும் எழுதவில்லை. கார்டு மட்டும்தான் என்று போட்டிருக்கிறீர்கள். எம்சிபி ஜூஸ் என்ற ஃபோன் ஆப்பில் காய்கறிக்காரருக்கே பணம் அனுப்பும் ஆள், தெரியாத தளத்தில் கார்டு எண்ணைத் தட்டுவாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிலர் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் செய்துவிட்டு ‘இவர் வாட்ஸ்ஆப் நம்பர் எங்கே?’ என்று கேட்பார்கள். கமிஷன் போய்விடுமே என்று உங்களுக்கு வயிறு எரியும். எரியட்டும், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போட்டி ஃபைவரோ அப்வொர்க்கோ இல்லை, ‘எனக்கு ஒரு பையனைத் தெரியும், நம்பர் தரவா?’ என்று சொல்லும் மாமாதான் என்பது அப்போது தெரியும்.

இவ்வளவையும் சரிசெய்தாலும் ஒரு பிரச்சினை மிஞ்சும், அது டிசைன் பிரச்சினை இல்லை. தளத்தில் 22 வகை வேலைகள் இருக்கின்றன, ஆட்கள் 9 பேர். பெரிய கடையாகக் கட்டி, அலமாரிகளுக்கெல்லாம் பெயர் எழுதி, சரக்கு வைக்காமல் திறந்த மாதிரி. வருகிறவர் ஏழெட்டு வகையைத் திறந்து பார்ப்பார், எல்லாம் காலி. அதற்குப் பிறகு அவரிடம் என்ன கேட்டாலும் காலியைப் பற்றித்தான் பேசுவார், அதை ‘நிறம் சரியில்லை’ என்றுகூடச் சொல்வார். ஆகவே சோதனைக்கு முன் தளத்தைச் சுருக்குங்கள். ஒரே ஒரு காரியம். என்னைக் கேட்டால் கல்யாணம். ஃபோட்டோ, வீடியோ, அலங்காரம், மருதாணி, பத்திரிகை. தெரியாத ஆளுக்கு முதல் தடவையாகக் காசு கொடுக்க மொரீஷியஸ்காரர்கள் துணிகிற இடம் அது. ஒவ்வொன்றிலும் நாலைந்து பேரை நீங்களே நேரில் போய்ச் சேர்த்து, அவர்கள் வேலையின் படங்களை வாங்கிப் போட்டு, விலையும் எழுதிவிட்டால் கடையில் சரக்கு வந்துவிடும். மற்ற வகைகளை அழிக்க வேண்டாம், மறைத்துவையுங்கள். ஒன்று, இதை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, ஆள் வரவில்லை என்றால் குறை தளத்திலா மாதத்திலா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

அப்பாவின் யோசனைக்கும் இங்கேதான் இடம் இருக்கிறது. நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கும்போது மகன் தளத்தில் வேண்டும் என்று அவர் ஆசைப்படுவது நியாயம். ஆனால் ஃபோட்டோகிராஃபர் தேடி வருகிறவர்களில் தமிழில் தட்டித் தேடுகிறவர் மிகச் சிலர். தமிழ்ப் பக்கத்துக்குச் செலவிடும் நேரத்தைப் பிரெஞ்சுப் பக்கத்துக்குக் கொடுங்கள். அதற்குப் பதில், கல்யாணப் பத்திரிகையும் கோவில் திருவிழா அழைப்பிதழும் தமிழில் பிழையில்லாமல் அமைத்துத் தருபவர்களைத் தளத்தில் ஒரு வகையாகச் சேருங்கள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று தெரிந்து எழுத்துக் கோப்பவர் கிடைக்காமல் கோவில் கமிட்டிகள் திண்டாடுவது எனக்குத் தெரியும். அந்த வகையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும், ஆட்களையும் அவரே பிடித்துத் தருவார்.

எண்களைப் பற்றியும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போன்ற கருவிகள் இலவசம். வந்தவர் எங்கே அமுக்கினார், எதுவரை உருட்டினார் என்று படமாகவே காட்டும். பயன்படுத்துங்கள். ஆனால் அது எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. 400 பேர் வருகையை வைத்து இரண்டு நிறப் பட்டனை ஒப்பிட்டு ‘பச்சை வென்றது’ என்று முடிவு கட்டாதீர்கள், அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் வரும் வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்கலாம். இன்னொன்று, இங்கே 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. மனிதர்களின் பெயரும் ஃபோன் நம்பரும் வாங்கிவைக்கிறீர்கள் என்றால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் பதிவு செய்யும் கடமை உங்களுக்கு வரும். வருகையாளர் நடமாட்டத்தைப் பதிவு செய்வதென்றால் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், பெயரும் எண்ணும் தட்டுகிற கட்டங்களைப் பதிவில் மறைத்துவிடுங்கள். நேரில் உட்காரவைத்துச் சோதிக்கும்போது குரலைப் பதிவு செய்தாலும் இதே மரியாதை வேண்டும்.

தளத்தில் கேள்வியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று வைக்கலாம், உள்ளே வந்ததும் முகத்தில் அடிக்கிற பாப்-அப்பாக அல்ல. தேடி ஒன்றும் கிடைக்காமல் நிற்கிறாரே, அந்தப் பக்கத்தில் வையுங்கள்: ‘என்ன தேடினீர்கள்? எழுதுங்கள், நாங்கள் ஆள் பிடித்துத் தருகிறோம்.’ கீழே ஃபோன் நம்பருக்கு ஒரு கட்டம். இதற்குப் பதில் எழுதுகிறவர் கருத்துச் சொல்லவில்லை, வேலை கொடுக்கிறார். எழுதினால் அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். ஆளை நிஜமாகவே பிடித்துக் கொடுங்கள், கையால் செய்தாலும் பரவாயில்லை. உங்கள் தளத்தின் முதல் வேலை இப்படித்தான் கைமாறப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டுக் குழுக்களில் ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லிக்கொள்வது பற்றி. செய்யலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து செய்யுங்கள். மணிலாவிலோ லாகோஸிலோ இருக்கும் அந்த ஃப்ரீலான்சர் உங்கள் வாடிக்கையாளர் ஆகப்போவதில்லை. தன் தளத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக உங்களுடையதைப் பார்க்கிறார், அதனால் வீட்டுப்பாடம் எழுதுவது போல மூன்று நல்லது, இரண்டு குறை என்று எழுதி அனுப்புவார். அதைப் படித்து எதையும் மாற்றாதீர்கள். அவரிடம் வேறு உதவி கேளுங்கள். பழைய ஆண்ட்ராய்ட் ஃபோன், மெதுவான நெட், பெயர் தெரியாத ப்ரௌசர் எல்லாம் அவர்களிடம் இருக்கும். ‘பதிவு செய்து, ஒரு படம் ஏற்றி, வெளியே வந்து, பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று அமுக்கி மறுபடி உள்ளே வாருங்கள், எங்காவது நின்றுபோனால் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள்’ என்று சொல்லுங்கள். விலையை ரூபாயில் போட்டிருக்கிறீர்கள், அது எந்த நாட்டு ரூபாய் என்று அவர்களுக்குப் புரிகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். ரீயூனியனிலிருந்து யூரோவில் யோசித்துக்கொண்டு வருகிறவருக்கும் அதே குழப்பம்தான் வரும்.

முதல் மூன்று பேர் முடிந்ததும் எழுதுங்கள். சுருக்கம் வேண்டாம், அவர்கள் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே, கிரெயோலாக இருந்தால் கிரெயோலிலேயே அனுப்புங்கள்.